சிக்கனச் சவரம்

கிட்டே வாங்க தாயி. அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உட்காருங்க. இன்னும் கிட்டே. எனக்கு உரத்துப் பேச வராது, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. ராசா ராணி வராத கதை. பேய் பிசாசும் வராது. வருகிறவர்கள் எல்லோரும் நீங்கள் அன்றாடம் பார்க்கிற ஆட்கள்தான். நடுவில் ஒரு நல்ல தாய் வருவாள், அவளுக்காகவாவது கடைசிவரை கேளுங்க.

ஆம்பிளை முகத்தில் முடி முளைப்பது எவ்வளவு செலவு பிடிக்கிற காரியம் என்று எனக்கு அறுபத்தேழு வயதுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் முகம் வழித்ததை நான் அதிக நாள் பார்க்கவில்லை. சின்னவன் இந்திரகுமார் தவழத் தொடங்கிய வருஷம் அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். ஆறு மாதத்தில் வருவதாகச் சொன்னார். அப்புறம் வேறொரு வீட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்து வழிக்கத் தொடங்கிவிட்டார் என்று பஸ்காரர்கள் வந்து சொன்னார்கள். மூத்தவள் புஷ்பம் குவைத்துக்குப் போய் பதினொரு வருஷம். முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசினாள். பிறகு மாதம் ஒரு தடவை. இப்போது தீபாவளிக்குப் பேசுகிறாள். "அம்மா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பாள், நான் பதில் சொல்லுமுன் அங்கே யாரோ கூப்பிடுவார்கள்.

நீங்கள் இரக்கப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரிந்தால்தான் கதை விளங்கும். தெரணியகலைக்கு மேலே, றப்பர் மலைக்கு நடுவே எட்டுக் குடும்பத்துக்கு எட்டுக் காம்பராவாக வரிசையில் நிற்கிற லயத்தில் ஐந்தாம் காம்பரா. அதில் நானும் இந்திரகுமாரும். அவ்வளவுதான் மிச்சம்.

இந்திரகுமாருக்கு இருபத்தேழு. கடைவீதியில் சுந்தரலிங்கம் முதலாளியின் பலசரக்குக் கடையில் வேலை. சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவான், வருகிற ஆட்களைச் சிரிக்கவைத்து அரைக்கிலோ கேட்டவரை ஒரு கிலோ வாங்கவைப்பான். இந்த வாயையும் சிரிப்பையும் யார் பார்த்தார்களோ, கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ போனால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் இரத்தினபுரியில் ஒரு ஏஜென்சியில் பெயர் கொடுத்தான். அங்கே ஷிப்னா என்று ஒரு மிஸ். நல்ல பொறுப்பான பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் இவன் தாடையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் சரி, முகம்தான் சரியில்ல. கம்பனிக்காரங்க அடுத்த மாசம் கொழும்புக்கு வந்து நேர்லதான் பார்ப்பாங்க. பீங்கான் கோப்பை மாதிரி இருக்கணும். தாடி கூடாது, பரு கூடாது, காயத்தழும்பு இருந்தா உள்ளயே கூப்பிட மாட்டாங்க" என்றாளாம்.

பரு வந்தது மலிவு பிளேடால். இரண்டு தடவை இழுத்தால் மொட்டையாகிவிடும் அந்த பிளாஸ்டிக் சாமான் அவன் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கிளப்பிவிட்டிருந்தது. நல்ல பிளேடு முதலாளியின் கடையிலேயே இருந்தது, பால்மாவோடு சேர்த்துக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி. இவன் விலையைக் கேட்டபோது முதலாளி, "தம்பி, அது வழிக்கிறதுக்கு இல்லப்பா. பொம்பளப் புள்ளைக்குச் சீரா வைக்கிற சாமான்" என்றாராம்.

அப்படித்தான் வந்தது சவரக்கத்தி யோசனை. போனில் ஒரு வெள்ளைக்காரன், நெஞ்சுவரை தாடி வைத்தவன், மற்ற ஆம்பிளைகளுக்கு முகம் வழிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஒரே கத்தி, ஆயுசுக்கும் போதும், பருவும் வராது, கொஞ்சக் காசில் தொடங்கலாம் என்றான். கொஞ்சக் காசு என்று அவன் மேசையில் பரப்பி வைத்திருந்த கல்லும் தோலும் தூரிகையும் வாசனைச் சவுக்காரமும் என் காம்பராவுக்குப் புதுக்கூரை போடப் போதும். இந்திரகுமார் அசரவில்லை. "அம்மா, நம்மகிட்ட எல்லாம் இருக்கு" என்றான்.

எஹலியகொடைச் சந்தையில் பழைய சாமான் பரப்பி விற்கிற ஒருவரிடம் கத்தியை வாங்கி வந்தான். அது அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வழித்த கத்தியாம். எந்தத் துரை என்று கேட்டதற்கு அவர் மூன்று பெயர் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பிடி வெடித்து, செப்புக்கம்பி சுற்றியிருந்தது. தோலுக்கு என் வீட்டுக்காரரின் இடுப்புப் பெல்ட், அவர் விட்டுப்போனதில் உபயோகமான ஒரே சாமான். தூரிகைக்கு, சாமி படத்து மாடத்துக்கு வெள்ளை அடித்த பிரஷைப் பாதியாக நறுக்கினான். குளிக்கிற சவுக்காரத்தைத் துருவி றப்பர்ப் பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற ஒரு சிரட்டையில் போட்டு நுரைத்தான். கல் என்னுடையது. முப்பத்து நாலு வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போன நான் பால்வெட்டுக் கத்தி தீட்டிய கல், நடுவில் குழி விழுந்து வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும்.

றப்பர் மலையில் பிறந்த பிள்ளை கத்தியை எப்படித் தீட்டுவான் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம்தான் தீட்டுவான். மறுபக்கத்தைக் கல்லில் காட்டமாட்டான். பட்டையை இழுத்துச் சீவுகிற கத்திக்கு அது சரி. சவரக்கத்திக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல, முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்து வரவேண்டும். வெள்ளைக்காரன் அதைச் சொல்லத்தான் செய்தான். கத்தி விஷயத்தில் தோட்டத்துக்காரன் வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்பானா? ஒரு பக்கமாகவே அரை மணி நேரம் தீட்டினான். கத்தியின் வாய் ஓரமாக மடங்கி, நகத்தில் வைத்தால் அரம் மாதிரி கரகரத்தது.

அடுத்து பலூன். நுரை பூசிய பலூனை வெடிக்காமல் வழிக்கப் பழகிவிட்டால் முகத்துக்குப் போகலாமாம். கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பலூன்களை ஊதிக் கொடியில் கட்டிவைத்து வழித்தான். எட்டுப் பலூன், எட்டு வெடி. ஆறாம் காம்பரா நாய் மலை ஏறி ஓடி மறுநாள்தான் திரும்பியது. அந்தக் காம்பராக் கலைச்செல்வி துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"தம்பி, பலூன் எதுக்கு? பலாக்காயில பழகு. அதுலதான் உன் மூஞ்சி மாதிரி முள்ளு இருக்கு."

"நீங்க சிரிங்க அக்கா. கட்டார்ல இருந்து சென்ட் போத்தல் கேட்டு மெசேஜ் போடுவீங்கல்ல, அப்ப நான் சிரிக்கிறேன்."

"முதல்ல மூக்கோட போய்ச் சேருடா."

முதல் சவரம் முடிந்தபோது அவன் தாடையில் ஏழு இடத்தில் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. இடது காதடியில் தொடங்கி வலதுபக்கம் சரிவாக, மரத்தில் வெட்டுப்போடுகிற மாதிரியே இழுத்திருக்கிறான். கலைச்செல்வி வந்து குனிந்து பார்த்தாள். "பெரியம்மா, நாடிக்குக் கீழ ஒரு சிரட்டை கட்டி விடுங்க. இவ்வளவும் வீணாப் போகுதே." லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். இந்த முகத்தோடு கட்டாருக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் சாயங்காலம் அவன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடதாசித் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். தாய் மனசு பாருங்க. "கொண்டா அதை" என்றேன்.

என் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெருமைக்காக இல்லை, வழக்குக்கு வேண்டியிருக்கிறது. முப்பத்து நாலு வருஷம், வெட்டு நாளில் முந்நூறு மரம். றப்பர் மரத்தில் மேலே பட்டை, உள்ளே பால் ஓடுகிற பட்டை, அதற்கும் உள்ளே ஒரு சவ்வு, அப்புறம் கட்டை. பால் வரைக்கும் கத்தி போகவேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. நடுவில் இருக்கிற இடம் ஒரு ரூபாய் நாணயக் குற்றியின் கனம்கூட வராது. தொட்டுவிட்டால் அது காயம். கங்காணி பின்னால் வந்து அந்த மரத்தில் சுண்ணாம்பால் குறுக்கும் மறுக்குமாகக் கீறிப் புள்ளடி போடுவார். காயம் பட்ட இடத்தில் பட்டை திரும்ப வளரும், முண்டு முண்டாக வளரும். அப்புறம் அந்தப் பக்கம் எவராலும் கத்தி போட முடியாது. என் மரத்தில் புள்ளடி விழுந்ததில்லை. ஒன்றுகூட விழுந்ததில்லை. வேலையிலிருந்து நின்ற நாளில் கங்காணி எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்.

அந்தக் கையால்தான் சவரக்கத்தியை எடுத்தேன். கல்லின் குழியில்லாத ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டு, அழுத்தாமல். பிறகு பெல்ட்டைக் கதவுக் கொண்டியில் மாட்டி, கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, நாற்பது இழுப்பு. என் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கிப் பிடித்துக் கத்தியை அதில் வைத்தேன். சத்தமில்லாமல் இரண்டாகப் போனது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை அவன் முகத்தில் போட்டு ஊறவைத்தேன், நுரை பூசினேன், இடதுகையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைக் கன்னத்தில் படுக்கவைத்து முதுகை இரண்டு நெல் உயரத்துக்கு மட்டும் தூக்கினேன். முடி சாய்ந்த பக்கமாகவே இழுத்தேன். நல்ல வெட்டுக்கு ஒரு சத்தம் உண்டு தாயி, பட்டைக்கும் அதே சத்தம்தான், தோலுக்கும் அதே சத்தம்தான். கடைசியில் படிகாரம் தடவிவிட்டேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

பதினொரு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பரு அடங்கியது, சிவப்பு அடங்கியது. முன்பு தோட்டத்துக்குக் காவல் இருந்த பழைய வாச்சர் ஐயாவு தன் தாடையைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். "வெள்ளையம்மா, எனக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடு. கட்டாருக்கு இல்ல, சும்மா கடைவீதிக்கு." அப்புறம் இன்னும் இரண்டு பேர். வேலையிலிருந்து நின்ற பிறகு என்னை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை, அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்திரகுமாரின் முகம் நாளுக்கு நாள் பீங்கான் கோப்பையாகிக்கொண்டு வந்தது. அதை அப்படி ஆக்கியது யார் என்பதை மறந்துவிடாதீங்க. பின்னால் என்னைக் குறை சொல்லத் தோன்றும்போது இதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்க.

அந்த நாட்களில் ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொழும்புக்கு வரவேண்டிய திகதியும் இடமும் போட்ட கடிதம். அன்று விறகு ஈரம். நல்ல தடித்த கடதாசி, உடனே பிடித்துக்கொண்டது. சோறும் சீக்கிரம் வெந்தது. இரண்டு நாள் கழித்து அவன் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. ஷிப்னா மிஸ். "தம்பிக்குக் கடிதம் கிடைச்சதா அம்மா?" என்று கேட்டாள். தம்பிக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது, அவன் எங்கேயும் போகவில்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன். அவள் விடவில்லை, முதலாளி கடைக்கே போன் போட்டுவிட்டாள். பொறுப்பான பிள்ளை என்று முதலிலேயே சொன்னேனே.

அவன் வீட்டுக்கு வந்து கேட்டான். "அம்மா, எனக்குக் கடிதம் எதுவும் வந்துச்சா?"

"வந்த மாதிரி ஞாபகம் இல்லையே அய்யா."

"சரி விடுங்க. ஷிப்னா மிஸ்கிட்ட என்ன சொன்னீங்க? எனக்குக் கல்யாணமாமே."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கோபித்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் சிரித்தான். கலைச்செல்வியிடம் போய், "அக்கா, அம்மாவுக்கு வரவர மறதி. காதும் சரியா வேலை செய்யல போல. நான் போனப்புறம் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொன்னது சுவருக்கு இந்தப்பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

இதைத்தான் தாயி நான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இருந்தேன். வயதான பொம்பிளை ஒரு காரியம் செய்தால், அதை அவள் செய்ததாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. கடிதம் காணாமல் போனால் மறதி செய்தது. மாற்றிச் சொன்னால் காது செய்தது. அவள் எங்கே இருந்தாள், அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு ஆளும் கேட்க மாட்டான். அது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது, மறுக்கவில்லை.

கொழும்புக்குப் போகிற நாள் திங்கட்கிழமை. ஞாயிறு பின்னேரம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். நல்ல வெளிச்சம். புதுச்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, கலைச்செல்வி தன் வாசலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் கத்தியை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீட்டி வைத்திருந்தேன். மொட்டைக் கத்தி பிசிறாக வெட்டும், அது பிள்ளைக்கு வலி. அதையும் யோசித்தேன்.

வலதுகன்னம் முடித்தேன், மேலுதடு முடித்தேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பேசினான்.

"ரெண்டே வருஷம் அம்மா. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஓடிரும்."

"அக்காவும் ரெண்டுன்னுதான் சொன்னா."

"அக்கா வேற, நான் வேற. உங்களுக்குப் பெரிய போன் ஒண்ணு அனுப்புறேன். முகம் பார்த்துப் பேசலாம்."

"தாடையை அசைக்காத."

"கலைச்செல்வி அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன். காலையில ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா வந்து எட்டிப் பார்ப்பாங்க."

"எதுக்கு எட்டிப் பார்க்கணும்?"

"சும்மாதான். நீங்க இருக்கீங்களான்னு." சொல்லிவிட்டுச் சிரித்தான். பகிடியாகத்தான் சொன்னான். பக்கத்து வாசலில் கலைச்செல்வியும் சிரித்தாள்.

காலையில் ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. கோழிக்கூட்டைத் திறக்கவும் மூடவும் போகிற மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்த கையால் வெட்டுப்போட முடியாது என்பது மலையில் முதல் வாரத்திலேயே படித்த பாடம். இடதுகன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்தேன். கத்தியின் முதுகை இரண்டு நெல் உயரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கலைச்செல்வி அலறினாள், மிளகாய்த் தட்டு கவிழ்ந்தது, யாரோ ஓடிப்போய் த்ரீவீலரைக் கொண்டுவந்தார்கள். புதுச்சட்டையைத்தான் கன்னத்தில் வைத்து அமுக்கினார்கள், கைக்கு எட்டியது அதுதான். வைத்தியசாலையில் பதினாலு தையல். டொக்டர் சிங்களத்தில் எப்படி நடந்தது என்று கேட்டார். இந்திரகுமார் பேசமுடியாமல் என் பக்கம் கையைக் காட்டி, பிறகு அந்தக் கையை நடுங்குகிற மாதிரி ஆட்டிக் காட்டினான். தாதி என்னைப் பார்த்து, "அனே பவ்" என்றாள். ஐயோ பாவமாம். வெட்டுப்பட்டவன் கட்டிலில் கிடக்கிறான், பாவம் எனக்கு. எனக்கு இருக்க ஒரு கதிரையும் குடிக்கத் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள்.

ஷிப்னா மிஸ் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போன் போட்டாள். போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். படத்தைப் பார்த்துவிட்டு, "பார்ப்போம் தம்பி" என்றாள். பிறகு அவள் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. வெள்ளையம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. கங்காணி வந்து என் தோளைத் தட்டி, "வயசாச்சுல்ல, வெள்ளையம்மா. நாங்கதான் உன்னைக் கத்தி எடுக்க விட்டிருக்கக் கூடாது" என்றார். எல்லோர் முன்னாலும் மாலை போட்ட அதே கங்காணி. பழைய வாச்சர் ஐயாவு இப்போது என் வாசலைக் கடக்கும்போது தன்னை அறியாமல் நாடியைப் பொத்திக்கொள்கிறார். பால்வெட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் மரத்தில் காயம் போட்டால், "என்னடி, வெள்ளையம்மா கையா உனக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்களாம். அதைக் கேட்ட அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களே சொல்லுங்க. நடுங்குகிற கை எப்படி வெட்டும்? நெளிந்து நெளிந்து வெட்டும். கண்ணுக்குப் போயிருக்கும், கழுத்துக்குப் போயிருக்கும். நான் போட்டது காதடிக்கு ஒரு விரல் கீழே தொடங்கி வாயோரத்துக்கு ஒரு விரல் முன்னே நிற்கிறது. மரத்தில் போடுகிற அதே சரிவு. மேலேயும் கீழேயும் அகலம் ஒன்று. சும்மா மேலாகக் கீறியிருந்தால் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும், ஷிப்னா மிஸ் இன்னொரு திகதி வாங்கிக் கொடுத்திருப்பாள். அதனால்தான் கட்டையைத் தொட்டேன். எவ்வளவு தொட்டால் முண்டாக வளரும், எவ்வளவோடு நிறுத்தினால் உயிருக்குச் சேதம் வராது என்று எனக்குத் தெரியும். டொக்டரே தையல் போட்டுக்கொண்டு தாதியிடம் சொன்னார், இவ்வளவு நேரான வெட்டைத் தான் கண்டதில்லையாம். அந்த மனிதர் ஒருவர்தான் என் கையைப் பார்த்தவர். அவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் நான் போட்ட ஒரே காயம் அது, போட நினைத்துப் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை தாயி.

இந்திரகுமாருக்கு இது தெரியும். கத்தி இறங்குமுன் ஒரு நொடி அவன் கண்ணைத் திறந்தான். என் கண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டும்தான் டொக்டரிடம் கையை நடுங்குகிற மாதிரி ஆட்டிக் காட்டினான். பெற்றவளை விட்டுக்கொடுக்காத பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையைக் கட்டாரில் எவனுக்கோ தட்டுக் கழுவ விடுவதற்கு எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இப்போது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. முதலாளி அவனைக் கடையின் முன்பக்கத்திலிருந்து பின்னால் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார். முன்னால் நின்றால் வருகிறவர்கள் சாமானைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறார்களாம். பின்னால் வெயில் படாது, நல்லதுதான். தாடி வளர்த்துவிட்டான். வெட்டு விழுந்த பாதையில் மட்டும் முளைக்கவில்லை. பிளேடு வேண்டாம், கல் வேண்டாம், சவுக்காரம் வேண்டாம். இதைவிடச் சிக்கனமான சவரத்தை எந்த வெள்ளைக்காரனும் போனில் காட்டமாட்டான்.

முன்னைப்போல அதிகம் பேசுவதில்லை. ஆம்பிளை என்றால் அளவாகத்தான் பேசுவான். ஆனால் பாசம் முன்னைவிடக் கூடிவிட்டது. என்னைக் காய் நறுக்கக்கூட விடுவதில்லை. வீட்டிலிருந்த கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கலைச்செல்வி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்து தானே நறுக்கி, தானே சமைத்து, எனக்கும் ஒரு தட்டில் போட்டு வாசலில் வைக்கிறான். படுக்கப் போகும்போது உள்ளறைக் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்கிறான். அந்த அறை ஜன்னலில் காற்று அதிகம், அவனுக்குச் சின்னதிலிருந்தே சளி.

சரி, நேரமாகிவிட்டது, எழும்புங்க. பொறுமையாக இருந்து கேட்டீங்க, அதற்கே உங்களுக்குப் புண்ணியம். கை விஷயத்தை மட்டும் நாலு பேரிடம் சொல்லிவிடுங்க, மற்றதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும் தாயி. உலையில் அரிசி குறையாமல், கூரை ஒழுகாமல், நோய் நொடி வாசல் மிதிக்காமல் இருக்கட்டும். நீங்க பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றும், என் பிள்ளையைப் போலவே, கடைசிவரைக்கும் உங்களை விட்டு எங்கேயும் போகாமல் இருக்கட்டும்.